கணினியில் இசை: வாசகர் கேட்டவை

இசை கேட்பதற்கென்றே ஒரு கணினியை அமைத்துக்கொள்வது தொடர்பாக வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: இசைக்கெனத் தனிக் கணினி அமைக்க அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். வேகமான பிராசசரும் அதிக நினைவகமும் இருந்தால்தான் ஒலி துல்லியமாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். அது சரிதானா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேகமான பிராசசர் ஒலியைத் துல்லியமாக்காது. குறுந்தகட்டில் உள்ள இசை நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையை அந்தந்தக் கணத்தில் அளந்து எழுதிய எண்கள்), மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள் என்ற அளவில் பதிவாகியிருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட் வருகிறது. பழைய யு.எஸ்.பி. 2.0 இணைப்பே நொடிக்கு 48 கோடி பிட் வரை கடத்தக்கூடியது என்பதோடு ஒப்பிட்டால், இசைக் கோப்பை எடுத்து அனுப்புவது கணினிக்கு எவ்வளவு எளிய வேலை என்பது விளங்கும். பத்து ஆண்டுப் பழைய மடிக்கணினியும் இதைத் திணறாமல் செய்யும்.

இசைக் கணினியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியவை வேறு. கோப்பில் உள்ள எண்களை மாற்றாமல் கொடுக்க வேண்டும். இடையில் அறுபடாமல் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது தான் சத்தம் போடக் கூடாது. முதல் இரண்டும் பெரும்பாலும் அமைப்புகளைச் சார்ந்தவை. மூன்றாவதுதான் நீங்கள் வாங்கும் பொருளைச் சார்ந்தது. ஆலாபனையின் நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், தம்புராவின் நாதம் மட்டும் நிற்கும் அந்தக் கணத்தில், மின்விசிறியின் இரைச்சல் காதில் விழுமானால் அந்தக் கணினிக்குச் செலவழித்த பணம் வீண் என்றே நான் கருதுவேன்.

ஆகவே மின்விசிறியே இல்லாத சிறு கணினியைத் தேடுங்கள். இன்டெல் என்100 போன்ற பிராசசர் 6 வாட் என்ற குறைந்த வெப்ப அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. நல்ல உலோகப் பெட்டியே அதன் வெப்பத்தை வெளியேற்றிவிடும். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையும் போதுமானது. இயங்குதளத்தை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். இசைத் தொகுப்பு சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், அதை வேறு அறையில் வைத்து வலையமைப்பு வழியாக இணைத்துக்கொள்ளலாம். மேசைக் கணினிதான் வேண்டும் என்பவர்கள் 120 அல்லது 140 மில்லிமீட்டர் மின்விசிறியைப் பொருத்தி மெதுவாகச் சுழலவிட வேண்டும். சிறிய விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால் கீச்சென்று ஒலிக்கும்.

மதர்போர்டில் உள்ள ஒலிப் பகுதியை விட்டுவிட்டு, எண்களை மின்னலைகளாக மாற்றும் டி.ஏ.சி. கருவியைத் தனியாக வாங்கி யு.எஸ்.பி.யில் இணையுங்கள். அறுபதாயிரத்தில் கணினிக்கெனப் பதினைந்தாயிரத்துக்கு மேல் போக வேண்டாம். அலுவலகத்தில் பயன்படுத்திய சிறு கணினி கிடைத்தால் அதுவும் குறையும். மிச்சத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போகட்டும். இந்தச் சங்கிலியில் ஒலியின் குணத்தை மிக அதிகமாகத் தீர்மானிப்பது அதுதான்.

கேள்வி: என் கோப்புகள் எல்லாம் குறுந்தகட்டிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள். ஆனால் எதைப் போட்டாலும் டி.ஏ.சி.யின் திரை 48 என்றே காட்டுகிறது. விண்டோஸ் கணினி வைத்திருக்கிறேன்.
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: விண்டோஸில் உலாவியின் ஒலி, மின்னஞ்சல் வந்ததை அறிவிக்கும் மணியோசை, உங்கள் பாட்டு ஆகிய அனைத்தும் ஒரே கலவைப் பகுதிக்குள் சென்று, அங்கே பொதுவாகக் குறிக்கப்பட்ட ஒரு மாதிரி வீதத்துக்கு மாற்றப்பட்ட பிறகே வெளியே வருகின்றன. உங்கள் கணினியில் அந்தப் பொது வீதம் 48 கிலோஹெர்ட்ஸாக இருக்கிறது, அதனால் 44.1 கோப்பின் ஒவ்வொரு நொடியும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது.

இதைத் தவிர்ப்பதற்கு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே ஒரு வழி உண்டு. வாசாபி என்ற ஒலி இடைமுகத்தின் தனியுரிமை (எக்ஸ்க்ளூசிவ்) முறையில், இசை மென்பொருள் கலவைப் பகுதியைத் தாண்டி டி.ஏ.சி.யோடு நேரடியாகப் பேசும். ஃபூபார்2000 என்ற இசை மென்பொருளின் அமைப்புகளில் வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலைத் திறந்து, உங்கள் டி.ஏ.சி.யின் பெயரோடு ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல் சேர்ந்திருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் ஒலி அமைப்புகளிலும் அந்தக் கருவிக்குத் தனியுரிமை அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். இனி டி.ஏ.சி.யின் திரை 44.1 என்று காட்டினால் வேலை முடிந்தது. லினக்ஸில் எம்.பி.டி. என்ற இசைச் சேவையின் ஒலியை, அந்த இயங்குதளத்தின் ஒலி அடுக்கான ஆல்சாவின் வழியாக நேரே கருவிக்கு அனுப்பலாம்.

மாதிரி வீத மாற்றம் இன்று மிக நேர்த்தியாகச் செய்யப்படுவதால், அந்த வேறுபாட்டைக் காதால் பிரித்தறிவது கடினம் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் தனியுரிமை முறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘ஒலி மேம்பாடு’ என்ற பெயரில் கணினி நிறுவனங்கள் சேர்த்து அனுப்பும் மென்பொருள்கள் பாஸைக் கூட்டியும் செயற்கையான விரிவைச் சேர்த்தும் செய்யும் கெடுதல் தெளிவாகவே கேட்கும். அவற்றையும் இந்த முறை சேர்த்தே ஒதுக்கிவிடுகிறது. மேலும், எண்கள் மாறாமல் போகின்றன என்பது உறுதியாகிவிட்டால், பின்னர் ஏதேனும் குறை தோன்றும்போது அதை எங்கே தேட வேண்டும் என்பதில் குழப்பம் இராது.

ஒலி அளவைக் கணினியிலேயே குறைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 24 பிட் டி.ஏ.சி. என்றால் அஞ்ச வேண்டாம். 16 பிட் கோப்புக்கு அங்கே 8 பிட் இடம் உபரியாக இருக்கிறது. பிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் வீதம் 48 டெசிபெல் வரை குறைத்தாலும் இசையின் நுண்மை வெட்டுப்படாது.

கேள்வி: மடிக்கணினியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்ற முனகல் வருகிறது. மவுஸை நகர்த்தினால் மெல்லிய கீச்சொலியும் கேட்கிறது. பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தப் பின் எர்த் இணைப்பு. ஆம்ப்ளிஃபையரின் உள்ளே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால், அதன் உலோகப் பெட்டியைத் தொடுபவரின் உயிரைக் காப்பது அது ஒன்றுதான். முனகலை நிறுத்த ஆபத்தில்லாத வழிகள் பல உள்ளன.

முதலில் காரணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓடவிடுங்கள். முனகல் நின்றுவிட்டால், சார்ஜர் வழியாகவும் ஆம்ப்ளிஃபையர் வழியாகவும் எர்த்துக்கு இரண்டு பாதைகள் ஏற்பட்டு, இரண்டையும் இணைக்கும் ஒலிக்கம்பியின் வழியே சிறு மின்னோட்டம் சுற்றிவருகிறது என்று கொள்ளலாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால், அந்த முனகலும் 50, 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதிகளில் கேட்கிறது. மவுஸை நகர்த்தும்போது வரும் கீச்சொலி, கணினியின் உள்ளே நிகழும் மின்சார ஏற்ற இறக்கம் அதே பாதையில் கசிவதால் வருவது.

செலவில்லாத வழி, எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து இயக்குவது. பல வீடுகளில் இதுவே போதுமானதாக இருந்துவிடும். போதவில்லையென்றால், கணினிக்கும் டி.ஏ.சி.க்கும் இடையே ஆப்டிகல் கம்பியைப் பயன்படுத்துங்கள். அதில் செல்வது ஒளி மட்டுமே என்பதால் மின்னோட்டம் கடக்க வழியில்லை. உங்கள் கணினியில் ஆப்டிகல் துளை இல்லாவிட்டால், மின்தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் கிடைக்கிறது.

கேள்வி: விலையுயர்ந்த யு.எஸ்.பி. கம்பி வாங்கினால் இசையின் இனிமை கூடுமா? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை மட்டுமே கேட்க வேண்டும் என்பதும் உண்மையா?
– மதுரை வாசகர்

பதில்: யு.எஸ்.பி. கம்பியில் பிழை நேர்ந்தால் அது ‘டிக்’ என்ற ஓசையாகவோ சிறு அறுபடலாகவோ வெளிப்படும். வயலினின் இனிமை சற்றுக் குறைந்து ஒலிப்பது போன்ற மென்மையான பிழை எண்களில் நேர வழியில்லை. ‘அசின்க்ரனஸ்’ முறையில் இயங்கும் டி.ஏ.சி.களில், எப்போது எவ்வளவு தரவு வேண்டும் என்பதை டி.ஏ.சி.யே தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. ஆகையால் கணினியின் கடிகாரத் தடுமாற்றம் ஒலியைத் தொடுவதில்லை. இறுக்கமாகப் பொருந்தும் சாதாரணக் கம்பி போதும்.

192 கிலோஹெர்ட்ஸ் பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தாங்கும். இளம் காதுகளுக்கும் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ்தான், வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். 2007ஆம் ஆண்டு மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். உயர் தெளிவுத்திறன் வட்டுகளின் இசையை ஒரு முறை அப்படியேயும், மறுமுறை குறுந்தகட்டின் அளவுக்குச் சுருக்கியும் கேட்கச் செய்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறையே சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். 2016இல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்தபோது சரியான விடைகள் 52.3 சதவீதமாக இருந்தன; பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. எனவே வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் மிகச் சிறியது என்று சொல்வேன்.

நீங்களே சோதிக்கலாம். உங்களிடம் உள்ள 192 கோப்பு ஒன்றை 44.1க்கு மாற்றி, இரண்டையும் ஃபூபார்2000இன் ஏ.பி.எக்ஸ். சோதனையில், பெயர் தெரியாதபடி மாற்றி மாற்றிக் கேளுங்கள். கடையில் வாங்கிய இரண்டு வெவ்வேறு பதிப்புகளை ஒப்பிட வேண்டாம், ஏனெனில் அவற்றின் மாஸ்டரிங்கே, அதாவது வெளியீட்டுக்கு முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பே, வேறாக இருக்கக்கூடும். ஒலி அளவும் சமமாக இருக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் தரமானது போலத் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும்.

கேள்வி: பாட்டின் நடுவே அவ்வப்போது ‘டக்’ என்று வெட்டுகிறது.
– புதுச்சேரி வாசகர்

பதில்: மென்பொருளின் பஃபர் (முன்கூட்டியே சேமித்து வைக்கும் தரவு) அளவைக் கூட்டுங்கள், பாட்டு கேட்பவருக்கு அரை நொடித் தாமதத்தால் இழப்பு ஒன்றுமில்லை. நிற்காவிட்டால் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டு எந்த டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) கணினியைப் பிடித்து வைக்கிறது என்று பாருங்கள். பல நேரங்களில் அது வைஃபை டிரைவராக இருக்கும். அதைப் புதுப்பிப்பதோ வைஃபையை அணைத்துக் கம்பி இணைப்புக்கு மாறுவதோ தீர்வாகும்.

கேள்வி: எல்லாம் சரியாக அமைத்த பிறகும் மிருதங்கத்தின் தொப்பி ஒலி குமுறுகிறது. அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். டைல்ஸ் தரை.
– சேலம் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 12 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கி நின்று பெருகும். 10 அடி என்றால் அது 56 ஹெர்ட்ஸ் அளவில் நிகழும். உங்கள் அறையில் அகலமும் உயரமும் சமமாக இருப்பதால் 56, 112 ஆகிய இடங்களில் இரண்டு தேக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எந்த ஆம்ப்ளிஃபையரை மாற்றினாலும் இது மாறாது.

பின்சுவரை ஒட்டி அமர்ந்து கேட்பவராக இருந்தால் இருக்கையை மூன்று அடியாவது முன்னே தள்ளுங்கள். சுவரோரம் பாஸ் மிக அதிகமாகக் குவியும் இடம். ஸ்பீக்கர்களையும் மூலையிலிருந்து விலக்குங்கள். தடித்த திரைச்சீலையும் ஜமுக்காளமும் டைல்ஸ் தரையின் எதிரொலியைக் குறைக்கும். ஆனால் தாழ்ந்த சுருதிகளை அவை தடுக்கா.

அதற்குக் கணினியே துணை செய்யும். அளவீட்டு மைக் ஒன்றை இருக்கையில் உங்கள் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளால் அளந்தால், எந்த ஹெர்ட்ஸில் எத்தனை டெசிபெல் புடைத்து நிற்கிறது என்பது கோடாகத் தெரியும். அந்தப் புடைப்புகளை மட்டும் வெட்டும் திருத்தத்தை அதே மென்பொருளில் உருவாக்கி, ஃபூபார்2000இலோ, லினக்ஸில் கமிலாடிஎஸ்பி என்ற ஒலித் திருத்த மென்பொருளிலோ ஏற்றிவிடலாம். பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள். அறை விழுங்கும் சுருதிக்கு எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அறை அதையும் விழுங்கும், ஸ்பீக்கர்தான் வருந்தும்.

எண்களை மாற்றக் கூடாது என்று மேலே எழுதிவிட்டு இங்கே மாற்றச் சொல்வது முரணாகத் தோன்றலாம். நமக்குத் தெரியாமல் நடக்கும் மாற்றத்தை விலக்கிய பிறகுதான், அளந்து அறிந்து செய்யும் மாற்றம் சரியாக வேலை செய்யும். அறைத் திருத்தத்தைச் சுருளாக்கக் (கன்வலூஷன்) கோப்பாக, அதாவது திருத்தம் முழுவதையும் மாதிரிகளாக எழுதிய கோப்பாக, ஏற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 44.1க்கு உருவாக்கிய கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்குப் பொருந்தாது. உங்கள் தொகுப்பில் எத்தனை மாதிரி வீதங்கள் உள்ளனவோ அத்தனைக்கும் தனித்தனியே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மைக்கை அதே இடத்தில் நிறுத்தி மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.