சென்சாரை மாற்றியும் பழுது போகவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: திருவையாறு அருகே வசிக்கிறேன். சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி வைத்து, நானே ஓட்டி, வாழைத்தார் ஏற்றிச் செல்கிறேன். ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்ததால் தஞ்சாவூரில் ஒரு பணிமனையில் விட்டேன். எஞ்சின் தண்டுகளின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க், கேம் சென்சார்கள் இரண்டையும் மாற்றி, ஸ்கேனரில் கோடுகளை (வண்டியின் கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடுகளை) அழித்து, ரூ.14,500-ஐ ஜி-பே மூலம் வாங்கிக்கொண்டார்கள், பில் தரவில்லை. நான்காம் நாளே எஞ்சின் விளக்கு மீண்டும் எரிந்தது. கிராங்க் சென்சாருக்குச் செல்லும் வயரை எலி கடித்திருப்பதை வேறொரு மெக்கானிக் காட்டினார். பணிமனையோ, சென்சார் புதியது, கோடும் போய்விட்டது என்று கைவிரிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த வயரை இன்னும் சரிசெய்யவில்லை என்றால், முதலில் அதைப் பல கோணங்களில் படமெடுங்கள், இப்போது பதிவாகியுள்ள கோடுகளை ஸ்கேனரில் எடுத்து, வண்டி எண்ணும் தேதியும் தெரியும்படி அறிக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள். கோடுகளை அழித்தால், பழுது ஏற்பட்ட நேரத்து எஞ்சின் நிலை பற்றிய பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அதுதான்.

பழுது திரும்பி வந்தது என்பது மட்டும் சேவைக் குறைபாட்டை நிரூபித்துவிடாது. எந்தச் சோதனையும் செய்யாமல் உதிரிபாகத்தை மாற்றினார்கள் என்பதையே நீங்கள் நிறுவ வேண்டும். கிராங்க் சென்சாருக்கான பி0335, கேம் சென்சாருக்கான பி0340 ஆகிய கோடுகள் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. அந்தச் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றே சொல்கின்றன. சுற்று என்றால் வயரும் கனெக்டரும் சேர்ந்ததுதான். ஆகவே வயரைப் பார்க்காமல் சென்சாரை மாற்றியது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11)-ஆம் பிரிவு கூறும் குறைபாடு என்று வலுவாக வாதிடலாம். கோடு அழிந்ததைப் பழுது நீங்கியதற்குச் சான்றாகக் காட்டுவது, தெர்மாமீட்டரை உதறிவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்பதைப் போன்றது.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய வலுவான பதில் ஒன்று உண்டு: வண்டியை ஒப்படைத்த பிறகுதான் எலி கடித்தது என்பார்கள். அறுவடை முடிந்த வயலோரத்தில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு அது நடக்கக்கூடியதே. இதனால்தான் படங்களை வற்புறுத்துகிறேன். கடிபட்ட செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், கடி நீங்கள் வண்டியைத் திரும்பப் பெறுவதற்கு முந்தையது என்று மெக்கானிக் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல அது உதவும். முதல் முறை வந்த அதே கோடுதான் இப்போதும் வந்திருக்கிறது என்றால் உங்கள் பக்கம் மேலும் வலுக்கும். முதல் ஸ்கேன் அறிக்கையைப் பணிமனையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கழற்றிய பழைய சென்சார்களையும் கேளுங்கள்.

வாடகை ஓட்டுவதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்ற வாதமும் எழலாம். வாங்கிய பொருளைச் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருத முடியாது என்று 2(7)-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. நீங்களே ஓட்டுவதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். பில் தராதது 2(47)-ஆம் பிரிவின்படி தனியாகவே முறையற்ற வணிக நடைமுறை ஆகும். ஜி-பே பதிவு பணம் கொடுத்ததைக் காட்டும், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதைக் காட்டாது. அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் அழிக்காதீர்கள்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்; சிறு தொகைகள் சில நேரம் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. பலனில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் இல்லை. புகார் செய்வதற்கான காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.

முழு ரூ.14,500-உம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். புதிய சென்சார்கள் உங்கள் வண்டியில்தானே இருக்கின்றன என்று ஆணையம் கேட்கக்கூடும். அவற்றைத் திருப்பித் தரத் தயார் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். வண்டி நின்ற நாள்களுக்கான வருமான இழப்பையும் கேட்கலாம், ஆனால் அதற்கு வாழை மண்டி ரசீதுகள் போன்ற கணக்கு வேண்டும்.