பல்கலைக்கழக நூலக வேலை: நியமனம், லீவு, காணாமற்போன புத்தகம் – கேள்வி பதில்

கோண்டாவில்: சேர், இலங்கை நூலகச் சங்கத்தின்ர டிப்ளோமா முடிச்சிட்டன். உதவி நூலகர் பதவிக்குப் போடலாமோ?

டிப்ளோமா மட்டும் போதாது தம்பி. உதவி நூலகர் என்பது விரிவுரையாளரோடு வைத்துப் பார்க்கப்படும் பதவி, பட்டம் கட்டாயம். டிப்ளோமாவுக்குப் பொருந்துவது நூலகத் தகவல் உதவியாளர் வரிசை. விளம்பரத்தோடு வரும் ஆட்சேர்ப்புத் தகைமையை வரி வரியாக வாசியுங்கள். முடிவுத் திகதிக்குப் பின் வரும் பெறுபேற்றை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

சாவகச்சேரி: பிரசவ லீவு 84 நாள் எண்டால் சனி ஞாயிறும் சேர்த்தோ?

இல்லை பிள்ளை, 84 வேலை நாள். சனி, ஞாயிறு, அரச விடுமுறை எதுவும் அதில் கழியாது. அது முடிந்தபின் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமின்றி 84 நாள் கேட்கலாம். இந்த இரண்டிலும் ஞாயிறும் நாள்தான். தொடங்கும் திகதியை எழுத்தில் கொடுத்து, பிரதியில் தாபனப் பகுதியின் திகதி முத்திரையை வாங்கி வையுங்கள்.

நல்லூர்: தனியார் கல்வி நிறுவனமொன்றில் நூலகப் பொறுப்பு. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், சேமலாப நிதி இல்லை எண்டு சொல்லினம்.

பிழை. ஊழியர் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்: உங்கள் பங்கு 8, முதலாளி பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் வேறாக, அது முழுக்க முதலாளி தலையில். நியமனக் கடிதத்தோடும் சம்பளச் சீட்டுகளோடும் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். கடிதமே தரவில்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் வேலைக்குப் போகாதீர்கள்.

சுன்னாகம்: இருப்புச் சரிபார்ப்பில 212 புத்தகம் இல்லை. கவுண்டரில நிண்ட உதவியாளர்களின்ர சம்பளத்தில பிடிக்கப் போகினமாம். முறையோ?

காணவில்லை என்பதும் தொலைந்தது என்பதும் ஒன்றல்ல. முதல் எண்ணிக்கையில் வரும் பட்டியல் தேட வேண்டிய பட்டியல்தான். கட்டுநர் (பைண்டிங்) பகுதிக்குப் போனதாகச் சீட்டு உள்ளவை, துறைகளுக்கு நீண்டகால இரவலாகப் போனவை, திரும்பி வந்தும் கணினியில் வரவு வைக்காதவை, பார்கோடு கிழிந்து புது ஸ்டிக்கர் ஒட்டியபோது பழைய சேர்விலக்கத்தோடு (நூலகத்தில் சேரும்போது ஒவ்வொரு பிரதிக்கும் கொடுக்கும் எண்) இணைக்காமல் விட்டவை. இவற்றைக் கழித்துவிட்டுத் தட்டுகளுக்குப் போங்கள். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் தூயி வகுப்பெண்ணில் தமிழ் இலக்கியம் 894.811. ஒரே எண்ணில் தட்டுத் தட்டாக நூல்கள் நிற்கும். முதுகில் ஆசிரியர் பெயரைக் காட்டும் ஆசிரியர் குறி ஓரெழுத்து மாறி நின்றால், புத்தகம் கண்முன் இருந்தும் பட்டியலில் 'இல்லை' என்றுதான் வரும். அந்த வரிசையை முதுகு முதுகாக வாசித்தே தேட வேண்டும்.

அதன் பிறகும் வராதவைதான் இழப்பு. அரச நிதிப் பிரமாணம் 104 இன்படி பூர்வாங்க அறிக்கை 7 நாளில், முழு அறிக்கை 3 மாதத்தில். விசாரித்து இன்னாருடைய கவனயீனம் என்று கண்டால்தான் அவரிடம் அறவிடலாம். வாசகர் தாமே எடுக்கும் திறந்த தட்டில் போனதற்கு, அன்று கவுண்டரில் நின்றவர் என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. "கட்டுகிறேன்" என்று எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

மானிப்பாய்: இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் ஒருத்தருக்கும் பொறுப்பில்லாமல் போச்சு. வாசலைப் பாக்கிறவர் பொறுப்பில்லையோ?

பொறுப்புத்தான், வாசலுக்கு. காந்தப் பட்டி ஒட்டாத நூலுக்கு வாசற் கருவி சத்தம் போடாது. பட்டி ஒட்டுவது கொள்வனவுப் பகுதியின் வேலை. கருவி பழுதென்று அவர் எழுதிக் கொடுத்திருந்தால் கேள்வி மேலே போகும். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அவரிடமே நிற்கும்.

உரும்பிராய்: கணக்காய்வில் இருந்தவன் நான். பூட்டின அலுமாரிக்கும் இதே நியாயமோ?

இல்லை, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அருநூல்களும் சுவடிகளும் பூட்டில் இருந்து, திறப்பு ஒருவர் கையில் இருந்தால் கதை வேறு. பட்டியல் பார்த்துப் பொறுப்பேற்றவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். பட்டியல் பாராமல் திறப்பை மட்டும் வாங்கியவருக்கும் தப்ப வழியில்லை.

மானிப்பாய்: அப்ப திறந்த தட்டுக்கு ஆர்தான் பொறுப்பு?

நிறுவனம். தட்டைத் திறந்து விடும்போதே ஓரளவு இழப்பை ஏற்றுக்கொண்டுதான் திறக்கிறார்கள். முழு அறிக்கைக்குப் பின் பதிவழிப்புக்கு (இழந்தவற்றைக் கணக்கிலிருந்து நீக்க) அனுமதி கேட்பது அதற்காகத்தான். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சி: தலைமை நூலகத்திலயிருந்து கிளைக்கு மாத்திப் போட்டினம். திங்கள் வரச் சொல்லி போன் வந்தது.

கடிதம் வராமல் போகாதீர்கள். போகுமுன் உங்கள் பொறுப்பிலுள்ளவற்றை எண்ணிப் பட்டியலிட்டு, ஏற்பவரின் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். இல்லையென்றால் சுன்னாகத்தார் நிலைதான்.

வட்டுக்கோட்டை: டிப்ளோமா இருக்கு, உதவி நூலகர்...

கோண்டாவிலுக்குச் சொன்னதுதான்.

குருநகர்: யாழ்ப்பாணம் பொது நூலகத்தில வெற்றிடம் எப்ப வரும்?

அது மாநகர சபையின் கீழுள்ளது, பல்கலைக்கழகத்தோடு சம்பந்தமில்லை. சபையில் விசாரியுங்கள்.

கொக்குவில்: பதவி உயர்வு தரேல்லை. எங்க முறையிடலாம்?

முதலில் பதிவாளர் ஊடாகப் பல்கலைக்கழகப் பேரவைக்கு. அங்கும் சரிவராவிட்டால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை இருக்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்கினீர்களா? வாங்காவிட்டால் மேன்முறையீட்டோடு எதை இணைப்பீர்கள்?

இணுவில்: சேர், டிப்ளோமாவோட அனுபவம் பத்து வருசம் இருந்தால்?

அனுபவம் பட்டமாகாது. உள்ளக விண்ணப்பதாரருக்குத் தனி ஒழுங்கு உண்டா என்று உங்கள் தாபனப் பகுதியில் கேளுங்கள், எழுத்தில்.