டேங்கில் ஊற்றுவதற்கு முன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோலையோ டீசலையோ தெளிக்கும் சிறு கருவி) பற்றியவை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்ததிலிருந்து பெரும்பாலான ஸ்கூட்டர், பைக்கிலும் கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. கார்க்காரர்களின் கவலை இப்போது எல்லோருக்கும் வந்திருக்கிறது.

கேள்வி: ஸ்கூட்டர் இழுக்கவில்லை. லிட்டருக்கு 50 மில்லி மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜெக்டர் சுத்தமாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கலக்கலாமா? (ஈரோடு)

கலக்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஆக்டேனை, அதாவது பெட்ரோல் தானாக முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறைக்கும், இன்ஜின் தட்டும், சரியாக எரியாமல் கரி படியும். எந்த அழுக்கை எடுக்க ஊற்றுகிறீர்களோ அதைத்தான் சேர்க்கிறீர்கள்.

கேள்வி: வீடியோ பார்த்து பைக் டேங்கில் 4 பாச்சை உருண்டை போட்டேன். முதல் வாரம் நன்றாக ஓடியது. இப்போது காலையில் செல்ப் அடித்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறது. (கடலூர்)

துணிப்பெட்டியில் போட வேண்டியதை டேங்கில் போட்டிருக்கிறீர்கள். போடுவதற்கு முன் யாராவது ஒரு மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் பெட்ரோலில் கரைந்துவிடும், ஆனால் காணாமல் போவதில்லை. வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் சூட்டில் இன்ஜெக்டர் நுனியில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிப் போகும், கரைந்தது அங்கேயே தங்கும். அந்த ஓட்டைகள் முடியளவு மெல்லியவை.

இனி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். டேங்கை முழுதாக வடித்துவிட்டு, பில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன போட்டீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாரண்டியில் கேட்க முடியுமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். எரிபொருளில் நீங்களே எதையாவது கலந்து வந்த பழுதுக்கு வாரண்டி கேட்டு நிற்க முடியாது.

கேள்வி: புதுக் காரை இலவச சர்வீஸுக்கு விட்டேன். ஓடியது 9,800 கி.மீ. பில்லில் 'இன்ஜெக்டர் கிளீனிங் 1,650 ரூபாய்' என்று போட்டிருந்தார்கள். நான் செய்யச் சொல்லவே இல்லை. கேட்டால் 'எல்லாருக்கும் செய்வதுதான் சார்' என்கிறார்கள். (மதுரை)

உங்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை. சொல்லாத வேலைக்குக் காசு வாங்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கும் இது நடந்தது. முந்தைய காருக்கு 3 சர்வீஸில் தொடர்ந்து இதே வரிக்குப் பணம் கட்டினேன். நான்காவது முறை கட்டும் முன்பு காரோடு வந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணையைத் திறந்தேன். ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், எதை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று எல்லாம் இருந்தது. இன்ஜெக்டர் கிளீனிங் மட்டும் எங்கும் இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'கிளீனிங்' என்ற ஒரு சொல்லில் மூன்று வேலைகளை அடக்கிவிடுகிறார்கள். டேங்கில் ஒரு பாட்டில் திரவத்தை ஊற்றுவது ஒன்று. காற்று போகும் த்ராட்டில் பாடியில் ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது இன்னொன்று. அது நல்ல வேலைதான், ஆனால் இன்ஜெக்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது, இன்ஜெக்டரைக் கழற்றி, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்து, சோதனை மேசையில் மாட்டித் தெளிக்க வைத்துப் பார்ப்பது. முறையான கிளீனிங் இதுதான்.

கோவையில் ஒரு பட்டறையில் அதை நின்று பார்த்திருக்கிறேன். மேசையில் 4 இன்ஜெக்டர், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கண்ணாடிக் குழாய். சுவிட்சைப் போட்டதும் மூன்றிலிருந்து பனிபோல விரிந்து கொட்டியது. நான்காவதிலிருந்து நூல்போல ஒரே கோடாக ஒழுகியது, அந்தக் குழாயில் மட்டும் மட்டம் கீழே நின்றது. தொட்டியில் போட்டு எடுத்த பிறகு நான்கு குழாயிலும் மட்டம் ஒன்றாக ஏறியது. அங்கே பணம் கொடுக்க எனக்கு வருத்தமே இல்லை.

9,800 கி.மீ. ஓடிய, எந்தக் குறையும் காட்டாத காருக்கு இது எதுவும் தேவையில்லை. மேலாளருக்கு எழுத்தில் கேளுங்கள்: மூன்றில் எந்த வேலை செய்தீர்கள், எதற்காக, யார் சம்மதித்தது? பணம் திரும்பி வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அப்புறம், அடுத்த சர்வீஸில் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன்பு 'என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை எதுவும் செய்யக் கூடாது' என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

கேள்வி: கடையில் விற்கும் இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில்கள் எல்லாமே ஏமாற்றா? (தஞ்சாவூர்)

எல்லாமே இல்லை. பாலி ஈத்தர் அமீன் என்ற கழுவும் பொருள் உள்ளவை லேசான படிவை எடுக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக அடைத்துக்கொண்ட இன்ஜெக்டரையோ, மின்சுருள் போன இன்ஜெக்டரையோ எந்தப் பாட்டிலும் மீட்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்டு, வால்வைத் தொடாமல் போவதால், டேங்கில் ஊற்றுவது வால்வில் படிந்த கரியைக் கழுவாது.

மைலேஜ் 30 சதவீதம் கூடும் என்று எழுதியிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அப்படி எழுதிய ஒரு பாட்டிலும், எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றும் நான் வாங்கியிருக்கிறேன். இரண்டுக்கும் பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி நேர்மையற்ற வணிகம்.

கேள்வி: டீசல் கார், காமன் ரெயில். டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் உள்ளே கழுவி விடுமாமே? (திருநெல்வேலி)

கலக்காதீர்கள். காமன் ரெயிலில் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய் வழியாக டீசலைத் தள்ளும் உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் அந்த வழவழப்பைக் கெடுக்கும், பம்ப் தேய்ந்து இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரை போகும். அப்புறம் முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: மழை நாளில் பங்க்கில் பெட்ரோல் போட்டேன். ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை, வண்டி நின்றுவிட்டது. டேங்கில் தண்ணீர் என்கிறார் மெக்கானிக். பங்க்கில் கைவிரிக்கிறார்கள். (நாகப்பட்டினம்)

நடுமழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்கள், படிக்கவே கஷ்டமாக இருந்தது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான், அதனால்தான் வண்டி உடனே நின்றது.

வடித்த பெட்ரோலைக் கொட்டிவிடாதீர்கள். மூடி இறுகிய உலோகக் கேனில் மெக்கானிக்கின் பட்டறையிலேயே இருக்கட்டும். பங்க் பில், மெக்கானிக் எழுத்தில் தரும் குறிப்பு, பில் இல்லையென்றால் பணம் போன யுபிஐ பதிவு, எல்லாம் சேர்த்து எண்ணெய் நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். கலப்படம் பார்க்கும் பில்டர் காகிதச் சோதனையும், அளவு சரியா என்று பார்க்கும் 5 லிட்டர் சோதனையும் கேட்டால் செய்துகாட்ட வேண்டியது பங்க்கின் கடமை. இன்ஜெக்டர் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: ஐட்லிங்கில் (நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார் ஆடுகிறது. எந்த பாட்டில் நல்லது? (சேலம்)

பிளக்கையும் ஏர் பில்டரையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லையே. முதலில் அதைப் பாருங்கள், த்ராட்டில் பாடியைத் துடைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் கிலோமீட்டரைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.