அவர்கள் வீட்டு மொழி எனக்குத் தெரியாதே!

கேள்வி: நானும் என் கணவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எனக்கு 62 வயது, அவருக்கு 66. எங்கள் சபை எங்களை 18 மாத ஊழியத்துக்கு அனுப்புகிறது. வாலிபப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை வேதபாடம் நடத்த வேண்டும். அங்கே வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மொழி. பள்ளி மொழி எங்களுக்கு நன்றாக வரும். வீட்டு மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. “பிள்ளைகளுக்குப் புரிகிற மொழி நமக்குத் தெரியும், அது போதும்” என்கிறார் கணவர். எனக்கு மனது ஒப்பவில்லை. இந்த வயதில் புது மொழி வருமா? பேரப்பிள்ளைகளை விட்டுப் போவதும் உறுத்துகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. பாடம் நடத்தப் பள்ளி மொழி போதும். ஆனால் அந்தப் பிள்ளைகள் அழுவதும், பயப்படுவதும், ஜெபிப்பதும் எந்த மொழியில் என்று ஒரு மாதத்துக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் மனது ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

நானும் என் கணவரும் இப்படி இரண்டு மொழி புழங்கும் சபையில் வாலிபர் வகுப்பு எடுத்திருக்கிறோம். ஒரு நாள் வகுப்பு முடிவில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஜெபித்தாள். பரீட்சை, தோழிகள் என்று பள்ளி மொழியில் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நோயில் கிடந்த பாட்டியின் பேச்சு வந்ததும் சட்டென்று வீட்டு மொழிக்கு மாறிவிட்டாள். குரல் தணிந்தது, வேகம் குறைந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மற்ற பிள்ளைகள் “ஆமென்” என்றார்கள். எதற்குச் சொல்கிறேன் என்று தெரியாமலே நானும் சொன்னேன். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அவளிடமே போய், “உன் பாட்டிக்காக நானும் ஜெபிக்க வேண்டும், பாட்டியை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டேன். நான் சரியாக உச்சரிக்கும் வரை நாலைந்து முறை திருத்தினாள். அதற்கு முன்பு வகுப்பில் என் முகத்தையே நேராகப் பார்க்காத பெண் அவள்.

சரி, இந்த வயதில் மொழி வருமா? மறைக்காமல் சொல்கிறேன். சுமார் 6,70,000 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. புது மொழியின் இலக்கணத்தை எளிதாகப் பிடிக்கும் திறன் பதினேழு, பதினெட்டு வயதுக்குப் பிறகு இறங்கத் தொடங்குகிறது என்பது அதில் தெரிந்தது. ஆகவே அந்த ஊர்க்காரர்போலப் பேசிவிட முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை. பெயர்களைச் சரியாகச் சொல்வது, நலம் விசாரிப்பது, ஒரு சிறு ஜெபம், ஒரு வசனத்தைச் சத்தமாக வாசிப்பது, இவ்வளவுதான் தேவை. இதற்குத் தினமும் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். எழுத்தும் புதிதென்றால் முதலில் எழுத்தைப் படித்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரிந்துவிட்டால் பாதி தயக்கம் போய்விடும்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி வந்தது. அவர் இளைஞர், உங்களுக்கு வயதாகிவிட்டது, உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்கு நடுவே மாணவராக உட்கார வயது தடையில்லை. முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களுக்கு அப்படி உட்காருவது கொஞ்சம் கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வகுப்பில் என்ன செய்யலாம்? ஒரே பகுதியை இரண்டு மொழி வேதாகமங்களிலும் வாசிக்க வையுங்கள். வீட்டு மொழி வேதாகமத்தில் பிள்ளைகளுக்குத் தெரியாத பழைய சொற்கள் நிறைய வரும். நீங்களே அர்த்தம் தேடிச் சொல்லாதீர்கள். “வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்” என்று அனுப்புங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் ‘கிருபை’ என்பதற்கான சொல்லைத் தாத்தாவிடம் கேட்கப் போய், அவருடைய வாழ்க்கைக் கதையையே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அதற்கு முன் தாத்தாவோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதே இல்லை என்றான். அப்போஸ்தலன் பவுலோடு ஊழியம் செய்த இளைஞன் தீமோத்தேயுவை நினைத்துப் பாருங்கள். தகப்பன் கிரேக்கன், தாய் யூதப் பெண். அவனுக்குள் இருந்த விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். உங்கள் வகுப்பில் இருக்கப்போகிறவர்களும் தீமோத்தேயுக்கள்தான். அவர்கள் வீட்டிலும் ஒரு லோவிசாள் இருப்பார். அவரோடு நேரடியாகப் பேச உங்களுக்குப் பத்துச் சொல்லாவது வேண்டாமா?

பிள்ளைகள் இரண்டு மொழியையும் கலந்து பேசுவார்கள். ஆசிரியர் புத்தி உடனே திருத்தச் சொல்லும். திருத்தாதீர்கள். இருமொழி பேசுகிறவர் ஒரே உடம்பில் இருக்கும் இரண்டு ஒருமொழிக்காரர்கள் அல்ல என்று பிரான்சுவா குரோஜான் என்ற அறிஞர் 1989-லேயே எழுதினார். கலந்து பேசுவது அவர்களுக்கு இயல்பு, அரைகுறை அறிவு இல்லை. “தாய்மொழியைக் காப்பாற்றுங்கள்” என்று பிரசங்கம் செய்யவும் நாம் யார்? அது அந்தக் குடும்பங்கள் முடிவு செய்ய வேண்டியது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் பேசப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். ஒரு பையன் அடிக்கடி வகுப்புக்கு வராததைப் பற்றி அவன் அம்மாவிடம் பேசப் போனோம். நடுவில் நின்று மொழிபெயர்த்தது அவனே. பாதியில் அவன் முகம் சிவந்து, தலை குனிந்துவிட்டது. பிள்ளையைப் பற்றிய பேச்சோ, வீட்டு நோயோ பணமோ, எதுவானாலும் சபையில் இரண்டு மொழியும் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். அதேபோல் எந்தப் பிள்ளையோடும் உங்களில் ஒருவர் மட்டும் மூடிய அறையில் இருக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். செல்போனில் செய்தி அனுப்பினால் பெற்றோருக்கும் தெரியும்படி அனுப்புங்கள்.

அப்புறம் நீங்கள் இருவரும். கணவன் மனைவியான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் வேதத்தில் எங்கே வந்தாலும் ஜோடியாகவே வருகிறார்கள். அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குச் சரியாகத் தெரியாததை ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னாலும் திருத்தாமல், அவனைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். அந்தப் பக்குவம் உங்களுக்குள்ளும் வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வந்து திருத்தினால் பிள்ளைகள் உடனே கவனித்துவிடுவார்கள். வேலைக்குப் போன காலத்தில் பகலெல்லாம் பிரிந்திருந்தீர்கள். இனி வகுப்பு, வீடு, பயணம் எல்லாமே சேர்ந்துதான். தினமும் ஒரு மணி நேரமாவது தனித்தனியாக இருங்கள், அதில் தப்பே இல்லை. மொழி படிக்கக் கணவரை வற்புறுத்த வேண்டாம். நீங்கள் தொடங்குங்கள். பிள்ளைகள் உங்களைத் தேடி வருவதைப் பார்த்தால் அவரே புத்தகத்தை எடுப்பார்.

பேரப்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வீடியோவில் பேசுங்கள். அந்த நேரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். “கடவுள் வேலை முக்கியம், அதனால் போகிறேன்” என்று குழந்தைகளிடம் சொல்லாதீர்கள். தாங்கள் முக்கியமில்லை என்றுதான் அவர்களுக்குக் கேட்கும். திரும்பி வரும் மாதத்தைக் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். போகும் முன் இருவரும் முழு உடல் பரிசோதனை செய்து, மருந்துச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போன முதல் மாதத்திலேயே உள்ளூர்த் தம்பதி ஒருவரை வகுப்பில் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 18 மாதம் முடிந்து நீங்கள் கிளம்பும்போது வகுப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்றைக்கே செய்ய ஒரு வேலை தருகிறேன். அந்தச் சபைப் போதகரிடம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு பெயரையும் அங்குள்ள ஒருவர் குரலில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் இறங்கும் நாளில் அத்தனை பெயரும் உங்கள் வாயில் சரியாக வர வேண்டும்.