பத்து வயது லேப்ரடாருக்கு மூட்டுவாதம். ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கொடைக்கானலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், காலையில் எழவே முடியவில்லை என்று. நான் கோத்தகிரி. எங்கள் நாய் மணிக்கு அந்த ஊசி போட்டோம்.

அவனுக்கு இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தது. உறைபனி விழும் ஜனவரிக் காலைகளில் எழுந்து நிற்கவே கால் மணி நேரம் ஆகும். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 28 படி. நானும் தம்பியும் தூக்கிக்கொண்டுதான் இறங்குவோம்.

கோயம்புத்தூரில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கொழுப்பு எடுத்தார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களைப் பிரித்து வளர்த்து, மூன்று வாரம் கழித்து மறுபடி மயக்கம் கொடுத்து மூட்டுக்குள்ளேயே ஊசி. இரண்டு தடவை மயக்கம் கொடுப்பதால் உங்கள் நாயின் இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் கட்டி ஏதும் தட்டுப்பட்டால் அதையும் காட்டுங்கள். புற்றுநோய் இருக்கும் நாய்க்கு இதைத் தவிர்ப்பார்கள்.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்துவிடும் என்று நம்பித்தான் போனேன். அப்படி எதிர்பார்க்காதீர்கள். அந்தச் செல்கள் சுரக்கும் பொருட்கள் மூட்டின் அழற்சியை அடக்குகின்றன, வலி குறைகிறது. முக்கியமான வேலை அதுதான். மணி ஒரு மாதத்தில் தானாகப் படியேறினான். அன்றைக்கு அழுதுவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து நொண்டல் மெல்லத் திரும்பியது.

ஆனால் அதே சமயம் அவன் எடையையும் 41 கிலோவிலிருந்து 34-க்குக் கொண்டுவந்திருந்தோம். டீயோடு நாங்கள் போடும் வர்க்கித் துண்டு முதலில் நின்றது. ஊசி பாதி, எடை பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்த ஓர் ஆய்வு உண்டு. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுவாதம் தள்ளியே வந்தது, ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாகவும் வாழ்ந்தன. இதற்குக் காசு செலவே இல்லை.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வலி தாங்காமல் துடிக்கிறானே என்று நான் மருந்துக்கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் மலம் கறுப்பாகப் போனது, வயிற்றில் புண். மனிதருக்கான வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். நாய்களுக்குத் தரும் மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்தைக்கூட மருத்துவர் அளவு சொல்லி, ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நானாக இருந்தால் முதலில் இரண்டு மாதம் எடையைக் குறைப்பேன், மருத்துவர் தரும் வலி மருந்தைக் கொடுப்பேன், சிமெண்ட் தரையில் படுக்கவிடாமல் தடிமனான மெத்தை போடுவேன். அதற்கும் வலி அடங்காவிட்டால் ஊசிக்குப் போவேன். உங்கள் நாய் இப்போது எத்தனை கிலோ?