திருகோணமலையைக் களமாக வைத்து ஒரு மர்ம நாவல் எழுத விரும்புகிறேன். கோணேசர் மலைக் குகை, இராவணன் புதையல் தவிர அந்த ஊரில் வேறு என்ன ரகசியம் இருக்கிறது?

கேள்வியில் "தவிர" என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்காகவே எழுதுகிறேன். நீங்கள் வெளியூர் என்று நினைக்கிறேன். விடுமுறைக்கு நிலாவெளிக்கு வந்து, புறாத்தீவுக்குப் படகில் போய், பின்னேரம் கோயில் உச்சியில் நின்று கீழே கடலைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்றால் யாருக்கும் கதை எழுதத் தோன்றும். ஆனால் எங்கள் ஊரை வைத்து நான் வாசித்த மர்மக் கதைகளில் குகை இருக்கும், ஓலைச்சுவடி இருக்கும், கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற ஒருவர் இருப்பார். ஊர்ச்சனம் வழி காட்டுவதற்கு மட்டும் வந்து போகும். எனக்கு அதில் ஆறாத கோபம்.

கோயில் மலையில் இருக்கிற பிளவை இராவணன் வெட்டியது என்று சொல்கிற, இராவணன் வெட்டைப் பற்றிய நம்பிக்கையை நான் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசரைக் கும்பிடுகிறவன் நான். புதையல் என்பதும் வெறும் கட்டுக்கதை இல்லை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்தபோது விக்கிரகங்களை மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள். 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது அவற்றில் சில வெளியே வந்தன. என்னைக் கேட்டால், நாவலுக்கான ஆள் அந்தக் குழியைத் தோண்டிப் புதைத்தவர்தான். இடத்தைத் தன் பிள்ளைக்காவது சொன்னாரா, சொல்லாமலே செத்தாரா? அதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

சின்ன ஊரின் ரகசியம் ஒருத்தருக்கும் தெரியாமல் கிடப்பதில்லை. ஊருக்கே தெரிந்திருக்கும், ஒருவரும் கதைக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மம்மாவின் தம்பி ஒருவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போய்விட்டார். எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கப்பலில ஏறிப் போனவர், திரும்பி வரேல்ல." அவருடைய மனைவியை அம்மா மாமி என்று கூப்பிடுவா, நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். மாமியின் நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமப் பொட்டு இருக்கும்.

நான் ஏ.எல். படித்த காலம். டியூஷன் முடிந்து வரும் வழியில், மத்திய வீதியில் ஒரு கடைச் சுவரில் புதிதாக ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. மூதூர்ப் பக்கத்தில் ஒருவர் காலமாகிவிட்டார். மனைவி, பிள்ளைகள், மருமக்கள் என்று வரிசையாகப் பெயர்கள், ஒன்றுகூட எனக்குத் தெரிந்த பெயர் இல்லை. அதற்குக் கீழே வழமைபோல, காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரனும் என்று இருந்தது. மகன் என்ற இடத்தில் இருந்தவை என் பூட்டனுடையதும் பூட்டியுடையதும் பெயர்கள். சகோதரி என்று போட்டிருந்தது என் அம்மம்மாவை.

வீட்டுக்கு ஓடினேன். அம்மம்மா வெள்ளைச் சேலை உடுத்து, மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகிற லாஞ்ச் படகுக்குப் போக ஆயத்தமாக நின்றா. மாமி விறாந்தையில் இருந்தா. நெற்றியில் பொட்டு இல்லை.

"நீ இப்பதான் அறிஞ்சனியோ?" என்று மாமிதான் என்னைக் கேட்டா.

கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம், கோயில் மலையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற கரையில், அந்த மனிதர் இன்னொரு குடும்பத்தோடு முழு ஆயுளையும் வாழ்ந்து முடித்திருக்கிறார். லாஞ்ச்காரருக்குத் தெரியும். அங்கிருந்து மீன் கொண்டுவருகிறவருக்குத் தெரியும். எங்கள் கோயில் ஐயருக்கும் தெரியும். மாமிக்கு இரண்டு குமர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். தகப்பன் கப்பலில் போனவர் என்றால் சம்பந்தம் பேசலாம். அக்கரையில் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்று தெரிந்தால் பேச வருகிறவர்கள் படலையோடு திரும்பிவிடுவார்கள். பிள்ளைகள் கரைசேரும்வரை ஊர் வாயைப் பொத்திக்கொண்டது, அதன் பிறகு அந்தக் கதையை மாற்றிச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஊரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த மனிதரை மன்னிக்கவும் மாட்டேன்.

குடும்ப விஷயத்தைப் பொதுவில் போடுவதா என்று கேட்பீர்கள். சம்பந்தப்பட்ட பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கரைப் பிள்ளைகளும் நாங்களும் இன்றைக்கு நல்லது கெட்டதுக்குப் போய்வருகிற உறவுக்காரர். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகவே உங்கள் நாவலில் தடயம் வேண்டுமென்றால் இப்படிப்பட்ட கடதாசிகளில் தேடுங்கள். மரண அறிவித்தலில் யாருடைய பெயர் விடுபட்டது, திருவிழா நோட்டீசில் உபயகாரர் ஏன் திடீரென்று மாறினார், அடகு வைத்த நகை யாருடையது. எல்லாவற்றையும்விடக் காணி உறுதி. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஊர் இது. ஒரு வளவுக்கு இரண்டு உறுதி இருந்தால் அதிலேயே கொலைக்கான காரணம் கிடைத்துவிடும், குகை வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். உடல்களில் இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்பதை வெளியே கொண்டுவந்தவை பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இங்கே ஒருவர் சாட்சி சொல்லத் தயங்கினால் அது கோழைத்தனம் இல்லை என்று விளங்கிக்கொண்டு எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளின் சாவை உங்கள் கதைக்கு ருசி கூட்ட எடுக்காதீர்கள். அரசியல் கதைக்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். இந்த ஊரின் இருண்ட ரகசியம் என்று கேட்டுவிட்டு இதைத் தாண்டிப் போக என்னால் முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று, சொல்லாமல் விட மனம் வரவில்லை. களம் பார்க்க வருவீர்கள்தானே. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களுக்குத் தின்பண்டத்தைப் பொலித்தீன் பையோடு எறிகிறார்கள். பையையும் சேர்த்துத்தான் அது விழுங்குகிறது. பிள்ளைகளை மானுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுக் குப்பையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிற பெரிய மனிதர்களைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. தயவுசெய்து உங்கள் பையை நீங்களே திருப்பிக் கொண்டுபோங்கள்.

நாவலுக்கு வருகிறேன். கதை 2009 ஒக்டோபருக்கு முன்னால் நடக்கிறது என்றால் கிண்ணியாப் பாலம் கிடையாது. தரைவழியாக மூதூருக்குப் போகிறவர் கிண்ணியாத் துறையில் "பாதை" என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்து, அதன் பிறகும் வழியில் மற்றத் துறைகளில் இறங்கி ஏற வேண்டும். லாஞ்ச் பகலில்தான் ஓடும். யுத்த காலம் என்றால் இரவில் கடலில் இறங்கக் கடற்படைக் கட்டுப்பாடு வேறு. இரவு பதினொரு மணிக்குத் திருமலையில் நின்ற உங்கள் கொலையாளி விடியமுன் மூதூரில் நிற்க வேண்டுமானால் ஒரு வள்ளக்காரர் துணிந்து கூட்டிப்போயிருக்க வேண்டும். அவர் ஏன் அதைப் பொலிஸில் சொல்லவில்லை என்று முதலில் யோசியுங்கள், முதல் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது.