தங்கக் கவசம் எதற்கு?

அன்புள்ள சார்,

'வொண்டர் வுமன் 1984' படத்தை நண்பர்கள் சேர்ந்து மறுபடி பார்த்தோம். முடிந்தபின் பேச்சு முழுக்க உடையைப் பற்றித்தான். 2017-இல் வந்த முதல் படத்தில் அடங்கிய சிவப்பு, கையில் வாள், கேடயம். ஒரு போர்வீராங்கனையைப் பார்ப்பதுபோல இருந்தது. இரண்டாவது படத்தில் நிறம் பளிச்சென்று ஆகிவிட்டது. வாளையும் கேடயத்தையும் காணோம். போதாக்குறைக்குச் சிறகு வைத்த தங்கக் கவசம் வேறு. எல்லாம் பொம்மை விற்கத்தான் என்கிறான் ஒருவன். காமிக்ஸில் இருப்பதுதானே என்கிறான் இன்னொருவன். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

மூன்று மாற்றங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். எனக்கு முதல் இரண்டும் பிடிக்கும், மூன்றாவது பிடிக்காது.

இரண்டு படங்களுக்கும் உடை வடிவமைப்பாளர் ஒருவரே, லிண்டி ஹெம்மிங். ஆனால் முதல் படத்து உடையின் அடிப்படை 2016-இல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்துக்காக மைக்கேல் வில்கின்சன் செய்தது. அது இருண்ட படம், அதில் எல்லோருடைய உடையிலும் வெளிச்சம் குறைவு. அப்புறம் 2017 படம் நடப்பது முதல் உலகப்போரில். சேறு, புகை, சாம்பல் வானம். கலர் கிரேடிங்கிலேயே, அதாவது படமெடுத்தபின் நிறங்களைச் சரிசெய்யும்போதே, சிவப்பு பாதி அடங்கிவிடும். இரண்டு படங்களின் ஸ்டில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஒப்பிடுவது துணியை மட்டுமல்ல, வெளிச்சத்தையும் சேர்த்துத்தான். அதே உடையை 1984-இன் ஷாப்பிங் மாலுக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் அழுக்காகத் தெரிந்திருக்கும். சுற்றிலும் விளம்பர விளக்குகளும் கண்ணைப் பறிக்கும் நிறங்களும் இருக்கும் இடத்தில் டயானா (வொண்டர் வுமனின் இயற்பெயர்) தனித்துத் தெரிய வேண்டாமா? (கிரீடத்தை வீசி கேமராக்களை உடைத்துத் தன்னை மறைத்துக்கொள்கிறவள் இவ்வளவு பளபளப்பாக வரலாமா என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.)

வாளுக்கு வருவோம். முதல் படத்திலேயே அந்த வாள் போர்க்கடவுள் ஏரிஸின் கையில் அழிந்துபோகிறது. அவளிடம் வேறு வாள் இருந்திருக்கலாம் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அதை எடுக்காததால், கட்டுண்டவரை உண்மை பேசவைக்கும் அவளுடைய கயிறு முன்னுக்கு வந்தது. அவள் ஊசலாடுவதும், தோட்டாவைத் தடுப்பதும், மின்னலைப் பற்றுவதும் அந்தக் கயிற்றால்தான். கடைசியில் வில்லன் மேக்ஸ் லார்டைத் தோற்கடிப்பதுகூட அடித்து அல்ல. கயிற்றின் வழியாக அவனுக்கும் உலகத்துக்கும் உண்மையைக் காட்டித்தான். இந்தப் பாத்திரத்தை 1941-இல் உருவாக்கிய வில்லியம் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் மாறுகிறதா என்று சோதித்தவர். அவருடைய நாயகிக்கு வாளைவிட இந்தக் கயிறுதான் பொருத்தம்.

தங்கக் கவசம் வேறு கதை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. படம் அதற்கு ஒரு புராணமும் சொல்கிறது: டயானாவின் இனத்து வீராங்கனைகளான அமேசான்கள் எல்லோரும் தங்கள் கவசங்களைக் கொடுத்து, உலகத்தையே எதிர்த்து நிற்கத் தங்களில் ஒருத்தியான அஸ்டீரியாவுக்குச் செய்த ஒற்றைக் கவசம். சரி, அப்படிப்பட்ட ஒன்றை டயானா எப்போது அணிகிறாள்? சிறகே இல்லாமல் பறக்கக் கற்றுக்கொண்ட கையோடு! பறந்துகொண்டிருந்தவள் அடுத்து சிறகோடு வந்து இறங்குகிறாள். வழியில் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாள் என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் எதிரி சீட்டாவோடு ஒரே சண்டையில் அந்தச் சிறகுகள் நாசமாகின்றன. உலகத்தையே தாங்கிய கவசமாம்!

இதே ஹெம்மிங் வேலை செய்த இன்னொரு இரண்டாம் படத்தைப் பாருங்கள், 2008-இல் வந்த 'தி டார்க் நைட்'. அந்த வரிசையின் முதல் படத்தில் பேட்மேனால் கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்பையே திருப்ப வேண்டும். இரண்டாவதில் புரூஸ் வேய்ன் (பேட்மேனின் நிஜப் பெயர்) தனக்குக் கருவிகள் தரும் லூசியஸ் ஃபாக்ஸிடம் போய் தலையைத் திருப்ப வேண்டும் என்று கேட்கிறான். நடிகருக்கும் படக்குழுவுக்கும் இருந்த தொல்லையையே வசனமாக்கிவிட்டார்கள். புதிய உடை கிடைக்கிறது, கூடவே எச்சரிக்கையும்: தகடுகள் பிரிந்திருப்பதால் கத்திக்கும் தோட்டாவுக்கும் இடம் உண்டு. உடையை மாற்றியதால் ஒன்று கிடைத்தது, ஒன்று போயிற்று. அதனால்தான் அந்த மாற்றத்தைப் பற்றி ரசிகர்கள் அதிகம் சண்டை போடவில்லை என்று நினைக்கிறேன். தங்கக் கவசத்தால் டயானாவுக்குக் கிடைத்ததும் இல்லை, போனதும் இல்லை.

காமிக்ஸில் இருக்கிறது என்ற நண்பர் சொன்னது சரிதான். 1996-இல் மார்க் வெய்டும் அலெக்ஸ் ராஸும் செய்த 'கிங்டம் கம்' கதையில் அந்தக் கழுகுக் கவசம் உண்டு. ஆனால் அங்கே டயானா இறுகிப்போன ஒருத்தி, போருக்குத் துணிந்து அதை அணிகிறாள். கவசத்தைப் பார்த்தாலே அவள் மனம் எங்கே போய்விட்டது என்று தெரியும். படம் தோற்றத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு அந்த மனநிலையை அங்கேயே விட்டுவிட்டது.

பொம்மைக் கட்சி நண்பரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். 'தி டார்க் நைட்' உடைக்கும் பொம்மை வந்தது.